தார் வண்டிக்கு ஹை லிப்ட் ஜாக்கி: கூடவே என்னென்ன வாங்க வேண்டும்?

ராயக்கோட்டை மாந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் இடையில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குப் போகும் வண்டிப்பாதை ஏரிக்கரையை ஒட்டியே செல்வதால், ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மண்ணும் ஏரி வண்டலும் கலந்து பாதை முழுவதும் களியாகிவிடும். என்னிடம் இருப்பது 2020 அக்டோபரில் வெளிவந்த புதிய வகை மஹிந்திரா தார். டீசல், நான்கு சக்கர இயக்கம். சென்ற மழைக்காலத்தில் பின்சக்கரங்கள் இரண்டும் அச்சு மட்டத்துக்குப் புதைந்துவிட்டன. வண்டியோடு வந்த ஜாக்கியை வைத்துச் சுற்றியபோது வண்டி எழவில்லை. ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது. இறுதியில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தோம்.

இந்த ஆண்டு மழைக்கு முன் 48 அங்குல ஹை லிப்ட் ஜாக்கி (நிமிர்ந்து நிற்கும் துளையிட்ட இரும்புக் கம்பத்தில் கைப்பிடியால் ஏற்றி இறக்கும் உயரமான ஜாக்கி) ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்கென்றே அடிப்பலகை, கொக்கி, உறை, கைப்பிடிப் பூட்டு எனப் பல துணைப்பொருள்கள் விற்கிறார்கள். இவற்றில் எவை உண்மையில் தேவை, எவை இல்லாமலும் சமாளிக்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பென்னாகரம் பணிமனை எழுதியது:

தம்பி, ஜாக்கியின் விலையையும் உயரத்தையும் பார்ப்பதற்கு முன் வண்டிக்குக் கீழே ஒருமுறை படுத்துப் பாருங்கள். ஹை லிப்டின் மூக்கு, அதாவது வண்டியைத் தாங்கித் தூக்கும் நாக்கு, எந்த இடத்தில் உட்காரும் என்பதற்கு விடை தெரியாமல் அந்தக் கருவியை வாங்குவது வீண்.

அது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1905 முதல் தயாராகிவரும் பண்ணை ஜாக்கி. இரும்புச் சேனலால் ஆன கனமான பம்பர்கள் இருந்த பழைய ஜீப்புகளுக்கு அது நன்றாகப் பொருந்தியது. இன்றைய வண்டிகளில் முன்னும் பின்னும் பிளாஸ்டிக் மூடிய பம்பரும், பக்கவாட்டில் மிதித்து ஏறுவதற்கான மெல்லிய படியும்தான் இருக்கின்றன. அந்தப் படியில் மூக்கைக் கொடுத்து ஏற்றினால் படி வளையும். வளைந்தபின் மூக்கு வழுக்கும். சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட் போட்டு இணைத்த ராக் ஸ்லைடர் என்ற கனமான பக்க இரும்புக் குழாய் இருந்தால் அதில் தூக்கலாம். வெளிக்கடைகளில் கனமான இரும்பு பம்பர் மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பாதசாரிகளுக்கு ஆபத்து என்பதால் புல் பார் எனப்படும் முன்பக்க இரும்புத் தடுப்பு வகைகளின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. சேற்றில் புதைந்த வண்டியில் நமக்குத் தேவை சக்கரம் மேலே வருவதுதான். உடல் மேலே வருவதால் பயனில்லை. சேசிஸைத் தூக்கினால் முதலில் ஸ்பிரிங் நீண்டு அச்சு கீழே தொங்கும். அது முழுவதும் தொங்கிய பிறகுதான் டயர் மண்ணைவிட்டு எழத் தொடங்கும். தார் போன்ற சுருள் ஸ்பிரிங் வண்டியில் இந்தத் தொங்கல் அதிகம். அதற்குள் வண்டியின் உடல் ஆபத்தான உயரத்துக்குப் போய் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கீழே களிமண்ணில் நிற்பது ஒரு குறுகிய இரும்புக் கம்பம். இந்த நிலையில் ஹை லிப்ட் விபத்து எளிதில் நடக்கும்.

ஆகவே உங்கள் பட்டியலில் முதலில் வர வேண்டியது சக்கரக் கொக்கி. லிப்ட் மேட் என்ற பெயரில் விற்பது அதுதான். ஜாக்கியின் மூக்கில் மாட்டும் இரும்புத் துண்டு ஒன்று, அதிலிருந்து தொங்கும் பட்டையின் இரு முனைகளிலும் கொக்கிகள். கொக்கிகளை ரிம்மின் துளைகளுக்குள் மாட்டி ஏற்றினால், முதல் சில அடிகளிலேயே சக்கரம் நேராக மேலே வரும். சேற்றின் பிடி விடும்போது ‘சளக்’ என்ற சத்தம் கேட்கும்; டயருக்குக் கீழே இருந்த குழியில் தண்ணீர் ஊறி நிரம்பத் தொடங்கும். தண்ணீர் நிரம்புமுன் கல்லையோ, கட்டையையோ, இழுவைப் பலகையையோ (டயருக்குப் பிடிப்புக் கொடுக்கும் பலகை) அந்தக் குழிக்குள் திணித்துவிட்டுச் சக்கரத்தை இறக்க வேண்டும். இந்த முறையில் வண்டியின் உடல் கொஞ்சமே உயர்வதால் சாயும் அபாயம் குறைவு. இதைக்கொண்டு ஸ்டெப்னி மாற்ற முடியாது என்பதை மட்டும் அறிந்திருங்கள். தூக்குவதே அந்தச் சக்கரத்தைப் பிடித்துத்தான்.

ஓசூர் எம்எம் 540 எழுதியது:

பணிமனை அண்ணன் சொன்ன காரணங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் ஹை லிப்டை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். என் ஜீப்பில் முன்பின் இரண்டும் சேனல் பம்பர், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அதற்கு இந்த ஜாக்கியைப்போல் உதவும் கருவி வேறொன்றில்லை. தூக்குவது மட்டுமன்று, இரண்டு சங்கிலித் துண்டுகள் இருந்தால் மெதுவாக இழுக்கவும், வளைந்த டை ராடை (முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பி) நெம்பவும் பயன்படும். வின்ச் (கம்பியை உருளையில் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) இல்லாதவர்களுக்கு அது கையால் இயக்கும் வின்ச். ஒருமுறை கட்டினால் ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். மறுபடி கட்டி மறுபடி இழுக்க வேண்டும். ஆனாலும் தனியாக மாட்டிக்கொண்டவருக்கு அந்த அரை மீட்டர் போதுமானதாக இருக்கும்.

வாங்குவதென்று முடிவு செய்தால் சில விவரங்களை அறிந்து வாங்குங்கள். முழு வார்ப்பிரும்பாலான 48 அங்குல ஜாக்கிக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் தாங்குதிறன் 4,660 பவுண்டு, அதாவது சுமார் 2,114 கிலோ. தன் எடை 13 கிலோவை ஒட்டி இருக்கும். வண்டிக்குள் கட்டாமல் போட்டால், திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது அந்த 13 கிலோ இரும்பு யாருடைய முதுகில் வந்து விழும் என்று சொல்ல முடியாது. எனவே ஜாக்கியை வண்டியில் பூட்டி வைக்கும் தாங்கி ஆடம்பரமில்லை. கைப்பிடிப் பூட்டு என்பது சிறிய ரப்பர் வளையம். ஓடும்போது கைப்பிடி ஆடிச் சத்தம் போடாமல் தடுக்கும். ட்யூப் துண்டை வெட்டிப் போட்டாலும் அதே வேலை நடக்கும்.

பழுதுபார்க்கும் சிறு பொட்டலத்தைக் கட்டாயம் வாங்குங்கள். ஏறுமுளைகள் இரண்டு, அவற்றின் ஸ்பிரிங்குகள், குறுக்கு முளை, அறுபடும் போல்ட் ஆகியவை அதில் இருக்கும். ஜாக்கி ஏறுவதும் இறங்குவதும் அந்த இரண்டு முளைகள் மாறி மாறித் துளைக்குள் புகுவதால்தான். நம் செம்மண் தூள் அங்கே அடைந்துவிட்டால் ஒரு முளை துளைக்குள் முழுவதும் போகாமல் பாதியில் நிற்கும். ஏற்றும்போது ஒன்றும் தெரியாது, இறக்கும்போது சுமை சறுக்கும். கிரீஸ் தடவக் கூடாது, தூசியை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயால் கழுவி, உலர்ந்தபின் மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் விட்டால் போதும். பொறியமைப்பை மூடும் துணி உறை விற்கிறது. வண்டிக்கு வெளியே மாட்டி வைப்பவர்களுக்கு அது தேவை. உள்ளே வைத்திருப்பவர் கோணிப்பையில் சுற்றி வைத்தாலே போதுமானது.

தளி ஜிம்னி எழுதியது:

என் வண்டி எடை குறைந்தது, 1,200 கிலோவை ஒட்டியது. நான் ஹை லிப்ட் வாங்காமல் காற்றுப்பை ஜாக்கியைத் தேர்ந்தெடுத்தேன். புகைக்குழாயில் குழலைப் பிடித்து எஞ்சினை ஓடவிட்டால் பை ஊதி வண்டியைத் தூக்கிவிடும். அடிப்பரப்பு அகலம் என்பதால் களிமண்ணில் புதைவதில்லை, அடிப்பலகையும் வேண்டியதில்லை. தோட்டத்துப் பாதைக்கு இதைவிட எளிது வேறில்லை என்பது என் கருத்து.

பென்னாகரம் பணிமனை எழுதியது:

சேற்றுக்கும் மணலுக்கும் அது நல்ல கருவிதான். ஆனால் பை தொடும் இடத்தில் கூர்மையான போல்ட் முனையோ, சூடான சைலன்சரோ இருக்கக் கூடாது. பைக்கும் வண்டிக்கும் இடையில் தடித்த ரப்பர் விரிப்பு வைப்பது அவசியம். பை உருண்டையாக ஊதியபின் வண்டி அதன்மேல் பக்கவாட்டில் நகரும் என்பதால் மற்ற சக்கரங்களுக்கு ஆப்பு வைத்தே ஆக வேண்டும். நம் பகுதியில் வேலிக்கு வெட்டிப் போட்ட கருவேல முள் பாதையெங்கும் கிடப்பதையும் மறக்க வேண்டாம். பை விரிக்கும் இடத்தைக் கையால் துழாவிப் பார்த்துவிட்டு விரியுங்கள்.

பர்கூர் கல் பட்டறை எழுதியது:

ராயக்கோட்டை நண்பருக்கு ஒரு யோசனை. அடிப்பலகை என்று விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் கிரானைட் அறுக்கும் ஆலைகளில் ஓரத்துண்டுகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. ஒரு சதுர அடி அளவில் ஒன்றைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். டன் கணக்கில் எடை தாங்கும் கல்லைவிட உறுதியான அடிமனை எது இருக்க முடியும்?

பென்னாகரம் பணிமனை எழுதியது:

ஐயா, நீங்கள் கல்லோடு வாழ்கிறவர், அதன் பலம் உங்களுக்குத் தெரியாததன்று. நேராக அழுத்தும் எடையைக் கிரானைட் தாங்கும் என்பது உண்மை. ஆனால் சமனில்லாத தரையில் பலகையாகப் போடும்போது அதன்மேல் வருவது வளைக்கும் விசை. அடியில் ஒரு பக்கம் மண் இளகி, நடுவில் ஒரு கூழாங்கல் இருந்தாலும் போதும், மெல்லிய துண்டு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இரண்டாகப் பிளக்கும். மரம் அப்படியில்லை; உடைவதற்கு முன் வளையும், முறுகும், சத்தம் கொடுக்கும், கையை எடுக்க நேரம் தரும். மேலும் பாலிஷ் செய்த முகத்தில் சேறும் தண்ணீரும் பட்டால் ஜாக்கியின் இரும்பு அடி வழுக்கிக்கொண்டு போகும். சக்கரக்குழியை நிரப்புவதற்குச் சொரசொரப்பான கல் துண்டுகள் மிக நல்லவை. ஜாக்கிக்கு அடியில் மட்டும் கல் வேண்டாம்.

அடிப்பலகை ஏன் வேண்டும் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஹை லிப்டோடு வரும் அடித்தட்டு உள்ளங்கை அகலமே உடையது, சுமார் 10 செ.மீ.க்கு 18 செ.மீ. என்று வையுங்கள், 180 சதுர செ.மீ. ஆகிறது. சக்கரத்தின் பங்கு எடையும் சேற்றின் பிடியும் சேர்ந்து 900 கிலோ அதன்மேல் வந்தால், ஒவ்வொரு சதுர செ.மீட்டரிலும் 5 கிலோ அழுத்தம். நனைந்த ஏரி வண்டல் அதைத் தாங்காது. அதே 900 கிலோவை 30 செ.மீ. சதுரப் பலகையில் பரப்பினால் அழுத்தம் ஒரு கிலோவாகக் குறையும். உங்கள் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியதற்குக் காரணம் ஜாக்கியின் குறையன்று, அதற்குக் கீழே எதுவும் இல்லாததுதான்.

பலகையை நீங்களே செய்யலாம். 18 மி.மீ. தடிமனுள்ள நீர்புகா பிளைவுட் துண்டுகள் இரண்டை, இழை குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டித் திருகு போடுங்கள். மேல்முகத்தில் ஜாக்கியின் அடித்தட்டைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு அங்குல ரீப்பர் கட்டைகளை அடித்துவிட்டால், அடித்தட்டு அந்தச் சட்டத்துக்குள் உட்கார்ந்து நகராமல் நிற்கும். ஒரு மூலையில் துளை போட்டுக் கயிறு கட்டி வையுங்கள். வேலை முடிந்தபின் சேற்றுக்குள் போன பலகையை வெளியே எடுக்கும்போது அந்தக் கயிற்றின் அருமை தெரியும். கடையில் விற்கும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் அடிமனையும் நல்லதுதான், எடை குறைவு. ஆனால் செய்யும் வேலை இதுவேதான்.

பர்கூர் கல் பட்டறை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். ஆலையில் பெரிய பலகைகளை அடுக்கும்போதும் இடையில் மரச்சட்டம் வைப்பதற்குக் காரணம் இதுதான். குழி நிரப்பக் கல் துண்டு வேண்டுமென்றால் அறுத்த முகம் இல்லாத, உடைத்த முகமுள்ள துண்டுகளாகக் கேட்டு வாங்குங்கள்.

ராயக்கோட்டை மாந்தோப்பு எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. சக்கரக் கொக்கியும் அடிப்பலகையும் முதல் தேவை என்பது தெளிவாகிவிட்டது. இன்னொரு ஐயம். எங்கள் பக்கத்தில் எப்போது மாட்டினாலும் உதவிக்கு வருவது டிராக்டர்தான். சங்கிலி கட்டி இழுக்கும்போது ‘டொம்’ என்று ஓர் அதிர்ச்சி வண்டி முழுக்கப் பாய்கிறது. கைனெடிக் கயிறு என்று ஒன்று சொல்கிறார்களே, அதை வாங்கி டிராக்டரில் கட்டினால் இந்த அதிர்ச்சி இல்லாமல் வருமா?

அரூர் உழவுக்காரர் எழுதியது:

டிராக்டர் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். சித்தேரி அடிவாரத்தில் உழவும் இழுப்பும்தான் எங்கள் தொழில்.

முதலில் கட்டும் இடம். டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் டிராபாரில் (இழுவைக் கம்பி) மட்டும்தான் கட்ட வேண்டும். உயரமாக இருக்கிறது, கைக்கு எட்டுகிறது என்று டாப் லிங்க் (கலப்பையை மேலே பிடிக்கும் கம்பி) மாட்டும் இடத்திலோ, பின் அச்சுக்கு மேலேயோ கட்டினால், புதைந்த வண்டி நகர மறுக்கும் நேரத்தில் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்புறமாக ஓட்டுநர் மேல் கவிழும். கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும், கிளட்சை மிதிக்கவும் நேரமிருக்காது. இதை எந்த ஓட்டுநருக்கும் கட்டாயம் சொல்லுங்கள், அவர் எவ்வளவு அனுபவசாலி ஆனாலும் சரி.

இரண்டாவது, சங்கிலியைத் தொய்வாக விட்டுவிட்டு வேகம் எடுத்து வெட்டி இழுக்கக் கூடாது. இரும்புச் சங்கிலி நீளாது. அந்த வெட்டு முழுவதும் கொக்கியிலும் உங்கள் சேசிஸிலும்தான் இறங்கும். முதல் கியரில் மெல்ல நகர்த்திச் சங்கிலி விறைத்தபின், ஒரே சீராக இழுக்க வேண்டும். உங்கள் வண்டியும் அதே நேரத்தில் குறைந்த கியரில் மெதுவாகச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும்.

மூன்றாவது, இழுப்பதற்கு முன் மண்வெட்டி எடுங்கள். டயருக்கு முன்னால் இருக்கும் மேட்டையும், அச்சின் நடுவில் இருக்கும் டிபரன்ஷியல் உருண்டையில் அணைந்து நிற்கும் மண்ணையும் வெட்டிச் சரிவாக்கிவிட்டால் பாதி இழுப்பு குறைந்துவிடும். பையன்கள் சோம்பல்பட்டு இந்த வேலையைத் தவிர்ப்பதால்தான் சங்கிலிகள் அறுகின்றன.

ஓசூர் எம்எம் 540 எழுதியது:

உழவுக்கார அண்ணன் சொன்னதோடு கயிறு பற்றிய விடையைச் சேர்க்கிறேன். கைனெடிக் கயிறு நைலானால் ஆனது; இழுக்கும்போது 30 விழுக்காடு வரை நீளும். நைலான் பட்டை 20 விழுக்காடு அளவில் நீளும். இழுக்கும் வண்டி கொஞ்சம் வேகத்தோடு போகும்போது அந்த வேகத்தைக் கயிறு நீட்சியாகச் சேமித்து, பிறகு சுருங்கும்போது புதைந்த வண்டியை வெளியே எடுத்துவரும். ஏறக்குறைய சம எடையுள்ள இரண்டு ஜீப்புகளுக்கு இது மிகப் பொருத்தம். டிராக்டரின் பலமே மெதுவான, விடாத இழுப்பு. அதற்கு நீளும் கயிறு தேவையில்லை. நீளாத பாலியெஸ்டர் இழுவைப் பட்டை போதும். சங்கிலியைவிட அது எடை குறைந்தது, அறுந்தால் வரும் ஆபத்தும் குறைவு.

கயிறு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய அளவு உண்டு. சக்கரம் அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடைக்குச் சமமான தடை, சக்கர வளைவு வரை புதைந்தால் இரு மடங்கு, ஓட்டுநர் அறை வரை போனால் மூன்று மடங்கு என்று ராணுவ மீட்புப் பயிற்சிகளில் கணக்கிடுவார்கள். தார் ஆளும் சுமையும் சேர்ந்தால் இரண்டு டன்னை எட்டும். சக்கர வளைவு வரை புதைந்த நிலையில் நான்கு டன் தடையை எதிர்பார்க்கலாம். எனவே கயிற்றின் அறுபடு பலம் அதைவிடத் தாராளமாக அதிகமாக இருக்க வேண்டும். சந்தையில் 8 டன் என்று குறித்து வரும் பட்டைகள் இந்த வகை வண்டிக்குப் பொதுவாகப் பயன்படுபவை. நைலான் நனைந்தால் பலம் சற்றுக் குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்றைவிட ஷாக்கிளில் (கயிற்றை வண்டியோடு இணைக்கும், முளை திருகிய இரும்பு வளையம்) பலர் தவறுகிறார்கள். ஹார்டுவேர் கடையில் எடை குறிக்காமல் விற்கும் ஷாக்கிள் வேண்டவே வேண்டாம். தாங்குதிறன் உடலிலேயே பொறித்ததாக இருக்க வேண்டும். முக்கால் அங்குல வில் ஷாக்கிளில் 4¾ டன் என்று இருக்கும். முளையை முழுவதும் திருகியபின் சற்றே பின்னுக்குத் திருப்பி விடுங்கள், இல்லையென்றால் இழுப்பில் இறுகி, பிறகு கழற்ற வராது. கயிறுகள் இரண்டை இணைக்க நடுவில் இரும்பு ஷாக்கிள் போடுவது உயிருக்கு ஆபத்து. ஒரு பக்கம் அறுந்தால் அந்த இரும்பு துப்பாக்கிக் குண்டைப்போல் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். வாய்ப்பிருந்தால் கயிற்றாலேயே பின்னிய மென்ஷாக்கிள் இரண்டு வாங்குங்கள். எடை மிகக் குறைவு, அறுந்தாலும் பறக்கும் இரும்பு இல்லை. கூர்மையான விளிம்பிலும் மணல் அரைப்பிலும் மட்டும் அதைப் பாதுகாக்க வேண்டும்.

டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கட்டாதீர்கள். பம்பரில் திருகி மாட்டும் சிறு கண்ணி, பழுதான வண்டியைத் தார்ச்சாலையில் இழுத்துப் போவதற்கானது; புதைந்த வண்டியை வெட்டி இழுப்பதற்கானதன்று. சேசிஸில் நேராகப் பொருத்திய கொக்கிதான் கட்டும் இடம். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கையோ கனமான கம்பளியையோ போர்த்துங்கள். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் நிறுத்துங்கள். நம் ஊரில் வண்டி மாட்டினால் கூட்டம் கூடும், சிறுவர்கள் கயிற்றைத் தாண்டி ஓடுவார்கள். அவர்களை விலக்குவதற்கென்றே ஒருவரை நிறுத்துவது நல்லது.

அஞ்செட்டி வழி எழுதியது:

வின்ச் பற்றி யாரும் பேசவில்லை. மாந்தோப்புக்காரருக்கு அது கட்டாயமில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 9,500 பவுண்டு என்று பெட்டியில் எழுதியிருப்பது உருளையில் கம்பி ஒரே ஒரு அடுக்கு இருக்கும்போது கிடைக்கும் இழுவிசை. அடுக்குகள் ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும். கப்பி ஒன்று இருந்தால் இழுவிசை இரு மடங்காகும், வேகம் பாதியாகும். ஆனால் கப்பியைக் கட்டிய மரத்தின் மேல் வருவது அந்த இரு மடங்கு விசை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புளியமரமோ மாமரமோ, அகலப் பட்டையைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். வெறும் கம்பியைச் சுற்றினால் மரத்தின் தோல் உரிந்து மரம் பட்டுப்போகும்.

எங்கள் பக்கத்துப் பாதைகளுக்கு வருபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்தில் பெரும்பகுதி காப்புக்காடு. 2014-இல் காவேரி வடக்கு, 2022-இல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி ஓட்டுவது குற்றம். எல்லைக்கு வெளியே இருக்கும் ஊர்ப்பாதைகளிலும், ராகி முற்றும் காலத்தில் மாலையானால் யானைகள் இறங்கும். அந்த நேரத்தில் வண்டி மாட்டினால் ஜாக்கியைப் பூட்டிக்கொண்டு நிற்பது சரியன்று. வண்டியை விட்டுவிட்டு ஊருக்குள் வந்து, காலையில் ஆட்களோடு போய் எடுங்கள். பகலில் மாட்டினாலும் விரைவாக முடியும் கருவிகளை முதலில் எடுங்கள். டயர் காற்றைக் குறைப்பதும், மண்வெட்டியும், இழுவைப் பலகையும் பெரும்பாலும் ஜாக்கி இல்லாமலே வேலையை முடித்துவிடும்.

பென்னாகரம் பணிமனை எழுதியது:

அஞ்செட்டி நண்பர் கடைசியாகச் சொன்னதை நான் வழிமொழிகிறேன். களிமண்ணில் டயர் காற்றை 18 அல்லது 20 பிஎஸ்ஐ வரை இறக்கினாலே தரையில் படும் பரப்பு நீண்டு பிடிப்பு கூடும். 15-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழலலாம். காற்றைக் குறைத்துவிட்டுக் கல் பாறைப் பாதையில் ஓட்டினால் பக்கச்சுவர் கிழியும், தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறும். ஆகவே திரும்ப நிரப்ப ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் கூடவே இருக்க வேண்டும். பேட்டரியில் நேராகக் கிளிப் போடும் வகையாக வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை பெரிய டயருக்குப் போதாது, பியூஸும் போய்விடும்.

ராயக்கோட்டை மாந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பணிமனை அண்ணன் சொன்னதுபோல் பக்கப் படி மெல்லிய குழாய்தான். ஹை லிப்டின் மூக்கு உட்காரத் தகுந்த இடம் அதில் இல்லை. ரிம் துளைகளுக்குள் என் கை முழுவதும் போகிறது, ஆகவே சக்கரக் கொக்கி மாட்டும் என்று நம்புகிறேன்.

இப்போது என் முடிவு இது. மண்வெட்டி வீட்டில் இருக்கிறது. இழுவைப் பலகை ஒரு ஜோடி, கம்ப்ரஸர், காற்று இறக்கும் கருவி, நீளாத பட்டை ஒன்று, எடை பொறித்த ஷாக்கிள் இரண்டு ஆகியவற்றை முதலில் வாங்குகிறேன். அடிப்பலகையைப் பாலக்கோட்டு ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். ஹை லிப்டும் சக்கரக் கொக்கியும் அதற்கடுத்த செலவு. ஸ்டெப்னி மாற்றுவதற்கு ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கி ஒன்றையும் வைத்துக்கொள்ளலாமா? ஹை லிப்டை இறக்கும் முறையையும் யாராவது விளக்கினால் நல்லது. ஏற்றுவதைவிட இறக்குவதுதான் ஆபத்து என்று கேள்விப்படுகிறேன்.

பென்னாகரம் பணிமனை எழுதியது:

பாட்டில் ஜாக்கி கட்டாயம் வையுங்கள். பின்டயர் மாற்றுவதற்கு அச்சு வீட்டுக்கு (அச்சை மூடிய இரும்புக் கூடு) அடியில் அதை நிறுத்துவதுதான் சரியான முறை. ஸ்பிரிங் தொங்கலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசாரி செய்யும் அதே பலகை இதற்கும் பொருந்தும். செங்குத்தாக நிற்க வேண்டும், படுக்க வைத்துப் பயன்படுத்தக் கூடாது. கழற்றிய சக்கரத்தை உடனே சேசிஸுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் இறங்கும், உங்கள் கைமேல் இறங்காது.

இறக்குவது பற்றிக் கேட்டது மிகச் சரி. ஏற்றும்போது நாம் கைப்பிடியை அழுத்துகிறோம். இறக்கும்போது வண்டியின் எடை கைப்பிடியை நம்மை நோக்கித் தள்ளுகிறது. ஆகவே திசைமாற்றும் நெம்பைத் தொடுவதற்கு முன் கைப்பிடியை மேலே தூக்கிக் கம்பத்தோடு ஒட்டி வையுங்கள். அப்படி வைத்த பிறகுதான் நெம்பைக் கீழே தட்ட வேண்டும். கைப்பிடி பாதியில் தொங்கும்போது நெம்பைத் தட்டினால் அது தானே மேலும் கீழும் அடிக்கத் தொடங்கும், தாடையையும் பல்லையும் உடைக்கும் வேகத்தில். அதைக் கையால் பிடிக்க முயலவே கூடாது, விலகி நிற்க வேண்டும். முகத்தை எப்போதும் கம்பத்துக்கும் கைப்பிடிக்கும் இடையிலான கோட்டில் வைக்காமல், பக்கவாட்டில் நின்று, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து இயக்குங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். சுமை 70 கிலோவுக்கும் குறைவாக இருந்தால் ஜாக்கி படிப்படியாக இறங்காது, ஒரே சறுக்கலில் அடிவரை விழும். சக்கரம் தரையைத் தொட்டு எடை விடுபடும் கடைசிக் கட்டத்தில் இதை எதிர்பார்த்துக் காலை விலக்கி நில்லுங்கள்.

ஓசூர் எம்எம் 540 எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பழுதுபார்க்கும் பொட்டலத்தில் வரும் அறுபடும் போல்ட், சுமை சுமார் 7,000 பவுண்டை எட்டும்போது தானே அறுந்து ஜாக்கியைக் காப்பாற்றுவதற்காக மென்மையாகச் செய்யப்பட்டது. அது அறுந்தால் சிலர் பக்கத்துக் கடையில் கிடைக்கும் உயர்தர போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். அப்போது அடுத்த முறை அறுவது போல்ட்டாக இருக்காது, ஏறுமுளையோ வார்ப்போ உடையும், அதுவும் வண்டி மேலே இருக்கும்போது. ஆகவே அதே வகை போல்ட்டை மட்டும் இரண்டு வாங்கி, சிறு டப்பாவில் போட்டு ஜாக்கியோடு கட்டி வையுங்கள்.

ராயக்கோட்டை மாந்தோப்பு எழுதியது:

குறித்துக்கொண்டேன் அண்ணா. பலகை வந்ததும் வறண்ட தரையில் ஏற்றியும் இறக்கியும் பழகிவிட்டு, அதன்பின் கரையோரக் களியில் ஒருமுறை சோதித்து, பலகை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை அளந்து இங்கே எழுதுகிறேன்.